டிரெய்லரின் பின்விளக்கு

வட்டகொடை ஸ்டேஷன் பக்கம் வளர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எங்கள் தோட்டத்து டிரெய்லரைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பிக்கப் ஒன்றின் பின்னால் நொண்டி மாடு மாதிரி இழுபட்டு வரும். பக்கங்களில் பலகை, இரண்டே சக்கரம், பின்னால் ஒரு ஓரத்தில் சிவப்பு லைட். தேயிலைப் பெட்டிகளை ஸ்டோரிலிருந்து ரயிலுக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாமெல்லாம் ஸ்டோர் என்போம். இப்போது என் பேரப்பிள்ளைகளிடம் ஸ்டோர் என்றால் சாமான் வாங்கும் கடை என்று நினைக்கிறார்கள்.

அந்தப் பிக்கப்பை ஓட்டியவர் என் அப்பா.

நாடு சுதந்திரமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தும் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். எனக்கு ஒன்பது வயசு. அந்த வருஷத்து மழைக்காலம் மட்டும் மற்ற வருஷங்களோடு கலக்காமல் தனியாக எனக்குள் நிற்கிறது. பகல் இரண்டு மணிக்கே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிடும். வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஈர விறகு புகைந்துகொண்டே இருக்கும். அம்மாவின் கம்பளி கொடியில் காயாமல் தொங்கி, நனைந்த ஆட்டு வாடை அடிக்கும். அப்பாவின் சட்டையில் மட்டும் வேறு வாசம். பெட்ரோலும் கிரீஸும் கலந்த வாசம். லயத்தில் வேறு எந்தப் பிள்ளையின் அப்பாவிடமும் அது இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை.

எங்கள் பக்கத்துக் காம்பராவில் பெரியப்பா இருந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பா அவரை அண்ணே என்று கூப்பிடுவார், அதனால் நான் பெரியப்பா என்றேன். அப்பாவுக்கு முன்னால் தோட்டத்து வண்டியை ஓட்டியவர் அவர்தான். கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கியதும் துரை அவரை இறக்கிவிட்டு அப்பாவை ஏற்றினார். பெரியப்பாவுக்குக் கராஜ் சாவியும் வண்டி கழுவுகிற வேலையும் மிஞ்சின. அவர் மகளும் நானும் ஒரே வயசு. ஒரே தட்டில் ரொட்டியும் சம்பலும் தின்போம், ஒரே படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு மழையில் பள்ளிக்கூடம் போவோம்.

டிரெய்லர் லைட்டில் கோளாறு தொடங்கியது மழைக்காலத்தின் ஆரம்பத்தில்.

ஒருநாள் அப்பா ஸ்டேஷனில் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பி வந்தார். பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. கடைத்தெருவில் ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து விசில் ஊதி நிறுத்தினார். "கோ, லயிட் எக்க?" என்றார். லைட் எங்கே என்று கேட்கிறார். அப்பா இறங்கிப் போய்ப் பார்த்தால் லைட் எரிகிறது, மங்கலாக. போலீஸ்காரர் நம்பவில்லை. பின்னால் நின்ற தான் கண்ணால் பார்த்ததாகவும், வண்டி நிற்கும்போது அது அணைந்ததாகவும் சொன்னார். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. போலீஸ் விஷயம் மறுநாள் துரையின் காதுக்குப் போனது.

தலவாக்கலை கராஜிலிருந்து ஒரு பாஸ், அதாவது மெக்கானிக், வந்தார். நல்ல சிங்கள மனிதர், வாயில் வெற்றிலை. ஸ்டோர் முற்றத்தில் பெட்டிகள் ஏற்றி நின்ற டிரெய்லரின் அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். சிறிய பல்ப்பு ஒன்றில் இரண்டு வயரைக் கட்டி வைத்திருந்தார். அதை அங்கே தொட்டு இங்கே தொட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் எரிந்தது.

"ட்ரைவர், வயர் பழசு. மாத்தினா சரி" என்றார்.

வயரை மாற்றினார். பல்ப்பை மாற்றினார். பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவே செருகுகிற பிளக்கையும் மாற்றினார். அப்பா பிரேக்கை மிதித்துக் காட்ட, லைட் பளிச்சென்று எரிந்தது. பாஸ் வெட்டிப்போட்ட பழைய வயர்த் துண்டுகளை நானும் பெரியப்பா மகளும் பொறுக்கினோம். மேலே சுற்றியிருந்த துணியை உரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பியில் மோதிரம் செய்து போட்டுக்கொண்டோம். விரல் பச்சையாகிவிட்டது என்று அம்மா திட்டினாள்.

நாலைந்து நாளில், ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது, லைட் மறுபடி சதி செய்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கி அப்பாவைத் திட்டிவிட்டுப் போனார். அப்பா வந்து முற்றத்தில் நிறுத்தினார். காலையில் பெட்டி ஏற்றிய பிறகு போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

"போகும்போது நல்லா இருக்கு. வரும்போது செத்துப்போவுது. இது என்னா வேலைன்னே வெளங்கல" என்று அப்பா சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து சொல்லுவார்.

துரை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அப்பா திரும்பி வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னார்: "இன்னொரு தரம் போலீஸ் புடிச்சா நீ மம்பட்டி எடுத்துக்கிட்டு மலைக்குப் போன்னுட்டாரு."

அன்றிலிருந்து அப்பா மாறிப்போனார். ராத்திரி புரண்டு புரண்டு படுப்பார். டிரெய்லருக்கு என்ன நோய் என்று தேடியவர், யார் அந்த நோயைக் கொடுத்தது என்று தேடத் தொடங்கினார். இதை இப்போது சொல்ல முடிகிறது. அப்போது, அப்பா பக்கத்துக் காம்பராப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் அப்பா கராஜுக்குப் போனபோது பெரியப்பா டிரெய்லரின் அடியில் குனிந்திருந்தார். கையில் பேனாக்கத்தி. லைட்டுக்குப் போகும் வயரில் பாஸ் போட்ட ஒட்டு ஒன்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த கறுப்பு டேப் பிரிந்து தொங்கியது.

"என்னா பண்றீங்க?" என்று அப்பா கேட்டாராம்.

"சும்மா பாத்தேன் தம்பி" என்றாராம் பெரியப்பா.

அந்தச் "சும்மா" அவருக்குக் கேடாக முடிந்தது. அப்பா நேரே தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போனார். கண்டாக்கையா துரையிடம் போனார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க ஆணும் பெண்ணும் கூடி நின்ற இடத்தில், துரை இரண்டு பேரையும் முன்னால் கூப்பிட்டார். நானும் பள்ளிக்கூடம் போகிற வழியில் அங்கே நின்றிருந்தேன்.

"நீ கண்ணால பாத்தது?" என்று துரை அப்பாவைக் கேட்டார்.

"ஆமாங்க தொரை."

"அவன் வயர் வெட்டினது?"

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு, "வெட்டுனாருங்க" என்றார்.

பெரியப்பா அப்பாவின் முகத்தையே பார்த்தார். "தம்பி, நீயா சொல்றே?" என்று மட்டும் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "வேல போன ஆத்திரம் அவருக்கு" என்றார்கள். வேறு யாரோ, "கூடவே இருந்து குழி பறிச்சிட்டாரே" என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் இரண்டு தடவை ஆபீசுக்கு ஏறி இறங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பெரியப்பாவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். பத்துச்சீட்டு என்றால் வேலை மட்டும் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காம்பராவும் போனது.

அவர்கள் போன காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒரு சாக்கில் சட்டி பானைகளைக் கட்டித் தலையில் வைத்திருந்தாள். அவர் மகள் கூடையில் ஒரு பெட்டைக்கோழியை மூடித் தூக்கியிருந்தாள். நான் வாசலுக்கு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கதவுக்கு வெளியே கோழி கொக்கரித்தபடி தூரமாகப் போனது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "நம்ம வயித்துல அடிக்கப் பாத்தாரு, அதான் அனுபவிக்கிறாரு" என்றாள். அதை என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

பக்கத்துக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. கராஜ் சாவி அப்பாவின் இடுப்புக்கு வந்தது. பாஸ் வந்து அந்த ஒட்டையும் எடுத்துவிட்டுப் புது வயர் இழுத்துக் கொடுத்தார். கெடுக்க ஆள் இல்லை, இனி கோளாறும் இல்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

அந்த மாதத்திலேயே விபத்து நடந்தது.

ஸ்டேஷனிலிருந்து வெறும் டிரெய்லர் திரும்பி வந்தது. பெட்டி ஏற்றி இறக்கும் அண்ணன் ஒருவர், கல்யாணமாகிக் கொஞ்ச காலந்தான், டிரெய்லரின் பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல பனிமூட்டம். வளைவில் ஒரு மாடு நின்றதாம். அப்பா பிரேக் போட்டார். பின்னால் வந்த மரக்கறி லொறிக்காரருக்கு முன்னால் ஒரு வண்டி இருப்பதே தெரியவில்லை. லொறி வந்து பின்பலகையில் மோதியது. அண்ணனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது.

அப்பா அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அம்மா அதைக் கழற்றப் போனபோது, "லைட் எரிஞ்சிச்சு. நான் ஏறும்போது பாத்தேன். எரிஞ்சிச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போலீசிலும் அதையே சொன்னார். மூட்டத்தில் நடந்தது என்று அவர்களும் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அண்ணனின் காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

டிரெய்லருக்குப் புதுப் பின்பலகை போட்டார்கள். புது லைட் பூட்டினார்கள். அன்று பிற்பகல் அப்பா என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பின்னால நில்லு. எரியுதா, அணையுதான்னு சத்தமா சொல்லு."

நான் நின்றேன். வெறும் டிரெய்லர்தான். அப்பா சுவிட்சைப் போட்டார்.

"எரியுதுப்பா. மங்கலா எரியுது."

பிரேக்கை மிதித்தார்.

"அணைஞ்சிருச்சு!"

காலை எடுத்தார். மறுபடி மங்கலாக எரிந்தது. மிதித்தார். அணைந்தது. பிரேக் போட்டால் இன்னும் கூடுதலாக எரிய வேண்டிய லைட், பிரேக் போடும்போதுதான் அணைந்தது. அப்பா இறங்கி வந்து நின்றார். லைட் புதுசு, வயர் புதுசு, பிளக் புதுசு. சந்தேகப்பட ஒரு மனிதரும் மிச்சமில்லை.

நின்று நின்று எனக்குக் கால் வலித்தது. சுற்றி வந்து, டிரெய்லரின் மூக்குப் பக்கம், பிக்கப்போடு அது சேருகிற இரும்புத் தண்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

அப்பா பின்பக்கத்திலிருந்து கத்தினார்: "இப்ப என்னா பண்ணுனே?"

பயந்து குதித்து இறங்கினேன்.

"ஏறு. திரும்ப ஏறு."

ஏறினேன். அப்பா லைட்டைப் பார்த்தார். "எறங்கு" என்றார். இறங்கினேன். "ஏறு." நான் உட்கார்ந்தால் லைட் பளிச்சென்று எரிந்தது. இறங்கினால் மங்கியது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

அவர் முன்னால் வந்து அந்தச் சேருமிடத்தில் குனிந்தார். பிக்கப்பின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு உண்டு. டிரெய்லரின் மூக்கில் இருக்கும் இரும்புக் கிண்ணம் அதைக் கவிந்து பிடிக்கும். லைட்டுக்குப் போன கரண்ட் திரும்பி வர ஒரு வழி வேண்டுமே, அந்த டிரெய்லரில் அதற்குத் தனி வயர் கிடையாது. இரும்போடு இரும்பு தொட்டுக்கொண்டிருக்கும் அந்த இடந்தான் வழி. அது அடைபட்டால் கரண்ட் பிரேக் வயர் வழியாகச் சுற்றித் திரும்பும், லைட் மங்கும்; பிரேக்கை மிதித்தால் அந்த வழியும் மூடி, லைட் அணையும். இது எல்லாம் பிற்காலத்தில் என் வீட்டுக்காரர் எனக்கு விளக்கியது. அன்று நான் கண்டது, அப்பா விரலை விட்டுத் தோண்டத் தோண்ட, அந்தக் கிண்ணத்திலிருந்து கிரீஸ் கட்டி கட்டியாக வந்ததைத்தான். கறுத்து, மண் கலந்து, களி மாதிரி.

அந்த கிரீஸை அப்பியவர் அப்பாதான். மழைக்காலம் தொடங்குமுன், பங்களாவைக் கடக்கும்போதெல்லாம் அந்த இடம் கிறீச்சிடுகிறது, தலைவலிக்கிறது என்று துரைசாணி சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா டப்பா கிரீஸை அள்ளி அப்பினார். பிறகு வாராவாரம் தவறாமல் அப்பினார். பெட்டிப் பாரம் இருக்கும்போது கிண்ணம் குண்டை அழுத்தித் தொட்டது. பாரம் இறங்கியதும் கிரீஸின் மேல் மிதந்தது.

அப்பா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, குண்டையும் கிண்ணத்தையும் இரும்பு தெரியத் துடைத்தார். "போயிப் பாரு" என்றார். நான் பின்னால் ஓடினேன். அவர் மிதித்தார்.

"எரியுதுப்பா! நல்லா எரியுது!"

நான் திரும்பப் போனபோது அவர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்திருந்தார்.

அன்று அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் மெல்லிய குரலில் பேசினார்கள்.

"தொரைகிட்ட சொல்லிறப் போறேன்."

"சொல்லி? ஒரு மனுசன் கால் போயிருக்கு. கிரீஸ் போட்டது நாந்தான்னு சொல்லுவீங்களா? அடுத்த பத்துச்சீட்டு நமக்குத்தான். இந்தப் புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

அம்மா என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தால் சூடு போட்டுவிடுவேன் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு உடப்புசல்லாவைக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு தோட்டத்தில், உறவுக்காரர் காம்பராவில் பெரியப்பா ஒண்டியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்று அப்போது யோசிக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளையின் முன்னால் பெரியப்பா கை நீட்டமாட்டார் என்று நினைத்திருப்பார்.

பெரியப்பா லயத்துப் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார். தோட்டத்தில் பேர் பதியவில்லை, யாருடையதோ மரக்கறித் தோட்டத்தில் தண்ணீர்க் கான் வெட்டப் போகிறாராம். உள்ளே பெரியம்மா விடாமல் இருமுவது கேட்டது. அவர் மகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

"கோளாறு கெடைச்சிருச்சுண்ணே" என்றார் அப்பா.

பெரியப்பா கோடரியை நிறுத்தினார். "எங்க?"

"கிண்ணத்துல. கிரீஸ் அடைச்சு எர்த்து இல்லாமப் போயிருக்கு."

"கிரீஸ் யாரு போட்டா?"

"நாந்தான்."

பெரியப்பா ஒரு விறகுத் துண்டை எடுத்து அடுக்கினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு நான் கத்தி எடுத்தது எதுக்குத் தெரியுமா? நீயி தொரைகிட்டத் திட்டு வாங்குறியேன்னுதான். அந்த ஒட்டுல மண்ணு ஏறியிருந்திச்சு. சொரண்டிப் பாப்போமுன்னு குனிஞ்சேன். கண்ணு சரியாத் தெரியாதவன் பாத்தா என்னா, பாக்காட்டி என்னான்னு நீ சிரிப்பேன்னுதான் சும்மான்னேன்."

அப்பா அவர் காலைத் தொடக் குனிந்தார். பெரியப்பா பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? பெரட்டுல வச்சுத்தானே கேட்டாங்க. அத்தன பேரு முன்னால. அங்க போயிச் சொல்லு."

எங்களுக்குக் குடிக்கப் பாலில்லாத சாயத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. கொடுக்க இருந்ததோ என்னவோ.

அப்பா திரும்பி வந்தார். சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மழைக்காலமே முடிந்தது. பிக்கப் ஓடியது. லைட் ஒருநாளும் அணையவில்லை. ஒவ்வொரு தடவையும் அது நன்றாக எரிவதைப் பார்க்கும்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

பிறகு கால் போன அண்ணன் கக்கத்தில் கட்டை வைத்து ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். பெரட்டுக்கு வந்து, தன்னால் முடிந்த வேலை ஏதாவது கொடுக்கும்படி கேட்டு நின்றார். பெண்கள் அழுதார்கள். அவர் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி உடப்புசல்லாவைத் திசையைப் பார்த்துத் தூற்றினார்.

"போறப்பவே டிரெய்லருக்குச் செய்வினை வச்சிட்டுப் போயிருக்கான் அந்தக் குருட்டுப் பாவி. எங்கால எடுத்தவன் நல்லா இருப்பானா? அவன் புள்ள குட்டி வெளங்குமா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அப்பா முன்னால் போனார்.

"அவரு இல்ல" என்றார். கூட்டத்தின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினார்: "அவரு இல்ல! நாந்தான். கிரீஸ் போட்டுக் கெடுத்தது நாந்தான். அவரு வயர வெட்டல. நான் பாக்கல. பொய் சொன்னேன்."

அண்ணன் அப்பாவைப் பார்த்தார். கட்டையைத் திருப்பி ஊன்றிக்கொண்டு அங்கிருந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை எங்கள் வீட்டு ஆட்களோடு பேசவில்லை.

கண்டாக்கையா துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். துரை சுருட்டை எடுத்துவிட்டு அப்பாவைக் கேட்டார்: "இப்ப லைட் நல்லா எரியுறது?"

"எரியுதுங்க தொரை."

"சரி. அந்த ஆள் திரும்பி வரலாம். பேர் போட்டுக்கொள்ளுங்க. நீ போ, வண்டி எடு."

அவ்வளவுதான். இத்தனை மாதம் அம்மாவும் அப்பாவும் தூங்காமல் பயந்த விஷயம், துரை சுருட்டை மறுபடி வாயில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உடப்புசல்லாவைக்குப் போனோம். அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். காம்பரா கிடைக்கும்வரை நம்மோடு இருக்கட்டும், பெரியம்மாவை நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்றார். பெரியப்பா மகளுக்குக் கொடு என்று எனக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் முறுக்கு வாங்கினார்.

காம்பராக் கதவைத் திறந்தது அந்த உறவுக்காரரின் சம்சாரம்.

"அவுங்க போயி ரொம்ப நாளாச்சே" என்றாள். "அக்கா இருமி இருமியே செத்துப்போச்சு. அத எடுத்து அடக்கம் பண்ணிட்டு, புள்ளயக் கூட்டிக்கிட்டு அவரு மன்னார் ரயில்ல ஏறுறதாச் சொன்னாரு. இந்தியாவுக்குப் போறதாத்தான் பேச்சு. அங்க யாரு இருக்காங்க, எந்த ஊரு, ஒண்ணுஞ் சொல்லல."

அப்பா வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

நாங்கள் லயத்துக்கு ஏறி வரும்போது அம்மா வெளியே நின்றிருந்தாள். வாசலில் சாணம் தெளித்திருந்தாள். உள்ளே பெரிய பானை நிறையச் சோறு வடித்து, பருப்பும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். மூலையில் புதுப் படங்குகளை விரித்துப் படுக்கை போட்டிருந்தாள். சொல்லாதே என்று அப்பாவின் கையைப் பிடித்தவள் அவள்தான். அன்று விடிந்ததிலிருந்து ஆறு பேருக்கும் சேர்த்துச் சமைத்திருக்கிறாள்.

பாதையில் இரண்டே பேர் வருவதைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பானையை மூடினாள்.

அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. காலையில் நான் எழுந்தபோது அம்மா அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். அப்பா அதைக் கரைத்துக் குடித்துவிட்டு, வண்டி எடுக்கப் போனார்.